பழைய பதிப்பு மான்ஸ்டரை ஐந்தாம் பதிப்புக்கு மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

டன்ஜன்ஸ் & டிராகன்ஸ் என்ற மேஜைக் கதாபாத்திர ஆட்டத்தின் பழைய சாகசப் புத்தகம் ஒன்றை எடுத்து இன்றைய விதிகளில் நடத்த நினைக்கும் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) முதலில் தடுக்கி விழும் இடம் மான்ஸ்டர்கள்தான். எண்களை ஒவ்வொன்றாகச் சூத்திரம் போட்டு மாற்றுவார். மேஜையில் இறக்குவார். ஒரே ரவுண்டில் மான்ஸ்டர் செத்துவிடும், அல்லது ஒரே கடியில் ஆட்டக்காரர் செத்துவிடுவார். சூத்திரத்தில் பிழை இருக்காது. வேலையை எண்ணிலிருந்து தொடங்கியதுதான் பிழை.

இங்கே சொல்வது டன்ஜன்ஸ் & டிராகன்ஸ் ஆட்டத்துக்கு: ஏடி&டி (முதல், இரண்டாம் பதிப்புகள்), மூன்றாம் பதிப்பு, நான்காம் பதிப்பு ஆகியவற்றிலிருந்து ஐந்தாம் பதிப்புக்கு. எண்கள் 2014 புத்தகங்களின் எண்கள். 2024 திருத்தத்தில் ஆடுபவர்களுக்கும் இதே வரிசை பொருந்தும்; மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

உதாரணத்துக்கு ‘சேற்றுக்கவ்வி’ என்று ஒரு சதுப்புநில மிருகத்தை எடுத்துக்கொள்வோம். நானே உருவாக்கியது, எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஏடி&டி பாணியில் அதன் குறிப்பு: ஏசி (கவச எண்) 4, ஹிட் டைஸ் (உயிர்ப்பலத்தைக் கணிக்கும் பகடைகள்) 6, தாக்கோ (ஏசி 0 உள்ளவரைத் தொட உருட்ட வேண்டிய எண்) 15, வேகம் 9, நீந்தும் வேகம் 15, அளவு லார்ஜ், இரண்டு நகத் தாக்குதல் 1-6, ஒரு கடி 2-8, கடியில் விஷம், சேவ் (தப்பிக்கப் போடும் பகடை) தவறினால் மரணம்.

1. தொடங்கும் முன் கையில் வேண்டியவை

பழைய பதிவின் முழுப் பக்கம் வேண்டும், எண் வரிகள் மட்டும் போதாது. எண்களுக்குக் கீழே வரும் பத்திகளில்தான் அந்த மிருகம் எப்படி வேட்டையாடும், எப்போது ஓடும் என்பதெல்லாம் இருக்கும். கூடவே ஐந்தாம் பதிப்பின் மான்ஸ்டர் மேனுவல், டிஎம் கைடில் உள்ள சிஆர் (மான்ஸ்டர் எவ்வளவு கடினம் என்ற அளவு) கணக்கு அட்டவணை, உங்கள் குழுவின் கேரக்டர் ஷீட்கள். கடைசியாகச் சொன்னதைப் பலரும் மறந்துவிடுவார்கள். யாரிடம் மோதப்போகிறது என்று தெரியாமல் ஒரு மான்ஸ்டரை எடை போட முடியாது.

பழைய புத்தகங்களைப் படிக்கும்போது ஒரு பொறி. ஏடி&டியில் ரவுண்ட் என்பது ஒரு நிமிடம், டர்ன் என்பது பத்து நிமிடம். ‘2 டர்ன் மயக்கம்’ என்றால் இருபது நிமிடம். இன்றைய ரவுண்ட் ஆறு விநாடிதான். இதைக் கவனிக்காமல் கால அளவுகளை அப்படியே எடுத்தால், ஒரு ஆட்டக்காரர் சண்டை முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

2. ஏற்கெனவே வந்துவிட்டதா என்று பாருங்கள்

முக்கால்வாசி மான்ஸ்டர்கள் ஏற்கெனவே ஐந்தாம் பதிப்பில் ஏதோ ஒரு புத்தகத்தில் வந்திருக்கும். பெயர் மாறியிருக்கலாம். அதே பெயரில் இல்லாவிட்டால் அதே வேலையைச் செய்வது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதன் ஸ்டாட் பிளாக்கை (எண் பட்டியலை) எடுத்து, தோற்றத்தையும் ஒரு சிறப்புத் திறனையும் மாற்றினால் போதும். முழு மாற்றம் என்பது வேறு வழியே இல்லாதபோது செய்ய வேண்டிய வேலை.

3. எண்களை மூடிவைத்து மூன்று வாக்கியம் எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காத புதியவரை நான் பார்த்ததில்லை. எண் வரிகளைக் கையால் மறைத்துக்கொண்டு மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இது எப்படித் தாக்கும்? ஆட்டக்காரர்கள் எதற்காக இதைக் கண்டு பயப்படுவார்கள்? இதை வெல்லும் வழி என்ன?

சேற்றுக்கவ்விக்கு: சேற்றில் ஒளிந்திருந்து பாயும், கடித்தால் பிழைப்பது அரிது என்பதால் யாரும் பக்கத்தில் போகத் தயங்குவார்கள், தரையில் மெதுவாக நகரும் என்பதால் காய்ந்த நிலத்துக்கு இழுத்துவந்தால் வெல்லலாம்.

இனி வரும் ஒவ்வொரு முடிவையும் இந்த மூன்றோடு ஒப்பிடுவீர்கள். எண் சரியாக இருந்தும் இதில் ஒன்று தொலைந்துபோனால், நீங்கள் மாற்றவில்லை, பழைய பெயரில் புதிதாக ஒன்றைச் செய்திருக்கிறீர்கள்.

அதோடு ஒரு இலக்கையும் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த லெவல் குழு, தனியாக வருமா கூட்டமாக வருமா. சேற்றுக்கவ்விக்கு நான் வைப்பது நான்காம் லெவல், நால்வர் குழு, ஒரே ஒரு மிருகம்.

4. பாலம் போடும் மான்ஸ்டர்களைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். பழைய புத்தகத்திலும் புதிய புத்தகத்திலும் இருக்கிற, உங்கள் மிருகத்தோடு ஏறக்குறைய ஒத்த ஹிட் டைஸ் உள்ள மூன்று நான்கு மான்ஸ்டர்களை எடுத்து, வடிவமைப்பாளர்கள் அவற்றை எப்படி மாற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஓகர்: ஏடி&டியில் ஹிட் டைஸ் 4+1, சராசரி ஹெச்பி (உயிர்ப் புள்ளிகள்) 19. ஐந்தாம் பதிப்பில் 59.
ஔல்பேர்: 5+2, சராசரி 24 அல்லது 25. இப்போது 59.
மினோட்டார்: 6+3, சராசரி 30. இப்போது 76.
ட்ரோல்: 6+6, சராசரி 33. இப்போது 84.

ஹெச்பி இரண்டரை மடங்கு ஆகியிருக்கிறது; ஓகருக்கு மட்டும் மூன்று மடங்கு. இப்போது ஏசி. பழைய ஏசி இறங்குமுகம், அதாவது எண் குறையக் குறையக் கவசம் பலம். ஏடி&டிக்கு 20 கழித்தல் பழைய ஏசி என்பது சூத்திரம்; கவசமில்லாதவருக்கு 9 என்று தொடங்கும் பேசிக் புத்தகங்களுக்கு 19. சூத்திரப்படி ஓகருக்கு 15, ஔல்பேருக்கு 15, மினோட்டாருக்கு 14, ட்ரோலுக்கு 16 வர வேண்டும். புத்தகத்தில் இருப்பது முறையே 11, 13, 14, 15. ரஸ்ட் மான்ஸ்டரைப் பாருங்கள்: பழைய ஏசி 2, சூத்திரப்படி 18, அச்சில் 14.

ஐந்தாம் பதிப்பில் ஏசியும் தாக்குதல் போனஸும் லெவலோடு மெதுவாகத்தான் ஏறும். ஹெச்பியும் டேமேஜும்தான் வேகமாக ஏறும். சூத்திரம் இதை அறியாது, அதனால்தான் பாலம் தேவைப்படுகிறது.

5. ஏசியும் தாக்குதல் போனஸும்

சூத்திரத்தைப் போட்டு, பிறகு பாலம் சொல்கிறபடி குறையுங்கள். சேற்றுக்கவ்விக்குச் சூத்திரம் 16. சேற்றில் புரளும் மெதுவான மிருகம் ட்ரோலைவிடக் கெட்டியாக இருக்கக் காரணமில்லை. 14 வைக்கிறேன்.

தாக்குதல் போனஸுக்கு 20 கழித்தல் தாக்கோ என்று ஒரு கணக்கு உண்டு, இங்கே +5. அதை ஒரு சரிபார்ப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் பதிப்பில் அந்த எண் ஸ்ட்ரெங்த் (வலிமை) அல்லது டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு), அதோடு ப்ரொஃபிஷியன்சி (தேர்ச்சி) போனஸ் என்ற இரண்டிலிருந்து பிறக்க வேண்டும். சிஆர் 4 வரை ப்ரொஃபிஷியன்சி +2, 5 முதல் 8 வரை +3, அதன்பின் நான்கு சிஆருக்கு ஒன்று கூடும். ஸ்ட்ரெங்த் 18 என்றால் +4, ஆக மொத்தம் +6. சரிபார்ப்பு எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, போதும்.

6. ஹெச்பி

ஏடி&டியில் எல்லா மான்ஸ்டருக்கும் டி8 (எட்டு முகப் பகடை). ஐந்தாம் பதிப்பில் உடல் அளவுதான் டைஸைத் தீர்மானிக்கும்: டைனி டி4, ஸ்மால் டி6, மீடியம் டி8, லார்ஜ் டி10, ஹியூஜ் டி12, கர்கான்டுவன் டி20. ஒவ்வொரு டைஸுக்கும் கான்ஸ்டிட்யூஷன் (உடலுறுதி) மாடிஃபையர், அதாவது ஸ்கோரிலிருந்து வரும் கூட்டெண், ஒருமுறை கூடும்.

எனவே பழைய ஹிட் டைஸ் எண்ணிக்கையை அப்படியே எடுக்காதீர்கள். இலக்கு ஹெச்பியை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ப டைஸ் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுங்கள். பழைய சராசரி 27, இரண்டரை மடங்கு 67 சொச்சம். லார்ஜ் உடல், கான்ஸ்டிட்யூஷன் 16: 8டி10+24 (எட்டு டி10, அதோடு 24) போட்டால் சராசரி 68.

7. ஆறு எபிலிட்டி ஸ்கோர், சேவ், வேகம்

ஏடி&டி பதிவில் இன்டெலிஜென்ஸ் மட்டும்தான் இருக்கும். மீதி ஐந்தையும் நீங்களே போட வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை. ஸ்ட்ரெங்தும் கான்ஸ்டிட்யூஷனும் மேலே முடிவாகிவிட்டன. மற்றதைப் பாலம் மான்ஸ்டரிலிருந்து எடுத்து ஒன்றிரண்டு நகர்த்துங்கள்.

பழைய ஐந்து சேவ் வகைகளை மான்ஸ்டருக்குக் கொடுக்க முயலவே வேண்டாம். ஆட்டக்காரர் போடும் சேவ்களுக்குத்தான் மாற்றம் தேவை: விஷம், உயிர் உறிஞ்சல் என்றால் கான்ஸ்டிட்யூஷன்; மூச்சுத் தாக்குதல் பெரும்பாலும் டெக்ஸ்டெரிட்டி; மனதை வசப்படுத்துவது விஸ்டம். டிசி (சேவ் எட்ட வேண்டிய எண்) என்பது 8, ப்ரொஃபிஷியன்சி, உரிய மாடிஃபையர் மூன்றின் கூட்டல். சேற்றுக்கவ்வியின் விஷம்: 8+2+3, டிசி 13.

வேகத்துக்குப் பழைய எண்ணை இரண்டரையால் பெருக்கி ஐந்தின் மடங்காக்குங்கள். மனிதனின் 12 இப்போது 30 அடி. 9 என்பது இரண்டில் ஒன்றாக, 20 அல்லது 25 ஆகும். ‘தரையில் மெதுவாக’ என்று எழுதிவைத்திருக்கிறோம், ஆக 20. நீந்த 40.

8. டேமேஜும் ஆக்‌ஷனும்

பழைய பதிவில் மூன்று தாக்குதல் என்றால் மல்டிஅட்டாக்கில் (ஒரே முறையில் பல தாக்குதல்) மூன்று. மூன்றும் முழுதாகப் பட்டால் பழைய கணக்கில் 12 டேமேஜ். ஔல்பேர் பழைய கணக்கில் 14, புதியதில் 24. நகம் 1டி8+4 சராசரி 8, கடி 2டி6+4 சராசரி 11 என்று வைத்தால் மொத்தம் 27. கொஞ்சம் அதிகம்தான், ஆனால் தனியாக வரும் மிருகம்.

ஔல்பேரில் இன்னொன்றும் கவனிக்கலாம். பழைய பதிப்பில் அது பிடித்து நசுக்கும். 2014 பதிவில் அந்த நசுக்கலே கிடையாது. வடிவமைப்பாளர்களே கழற்றி எறிந்திருக்கிறார்கள் என்றால் நீங்களும் எறியலாம். ஒரு ரவுண்டில் டிஎம் உருட்ட வேண்டிய டைஸ் நான்கு வகையைத் தாண்டினால் ஆட்டம் தொய்யும்.

குழுவின் தலைவன் போலத் தனியாக நிற்கும் பெரிய மான்ஸ்டருக்கு மட்டும், மற்றவர் முறைக்குப் பின் கூடுதலாகச் செயல்படவிடும் லெஜண்டரி ஆக்‌ஷன் தாருங்கள். நால்வர் நான்கு முறை செய்யும்போது அது ஒருமுறைதான் செய்யும் என்ற குறையை ஈடுகட்டவே அது இருக்கிறது. சாதாரண மிருகத்துக்குத் தருவது வீண் சுமை.

9. சிறப்புத் திறன்கள்

நேரத்தை இங்கே செலவழியுங்கள். பழைய பதிப்புகளின் பயங்கரம் முழுவதும் இந்த வரிகளில்தான் இருக்கிறது, இன்றைய விதிகளோடு முட்டுவதும் இவைதான்.

சேவ் தவறினால் மரணம். ஏடி&டி இரண்டாம் பதிப்பில் நான்காம் லெவல் ஃபைட்டர் விஷத்துக்கு எதிராக 13 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டும். தவறும் வாய்ப்பு 60 சதவீதம், மந்திரவாதிக்கு 65. அப்படியே இறக்கினால் இன்றைய ஆட்டக்காரர் எழுந்து போய்விடுவார். ‘14 விஷ டேமேஜ்’ என்று மழுக்கினால் பயமே போய்விடும், மூன்று வாக்கியத்தில் இரண்டாவது தொலைந்துவிடும்.

படிப்படியாக்குவதே வழி. பார்வையால் கல்லாக்கும் மெடூசா ஐந்தாம் பதிப்பில் அப்படித்தான் செய்கிறது: ஐந்து அல்லது அதற்கு மேல் வித்தியாசத்தில் தவறினால்தான் உடனே கல், இல்லாவிட்டால் முதலில் உடல் இறுகும், அடுத்த சேவில் முடிவு. சேற்றுக்கவ்விக்கு நான் எழுதுவது: கடி பட்டால் டிசி 13 கான்ஸ்டிட்யூஷன் சேவ். தவறினால் பாய்சன்ட் நிலை. அதன்பின் தன் ஒவ்வொரு டர்ன் (இன்றைய விதியில், ரவுண்டில் தன் முறை) முடிவிலும் சேவ். மூன்று வெற்றி முதலில் வந்தால் விஷம் நீங்கும். மூன்று தோல்வி முதலில் வந்தால் ஹெச்பி 0.

கணக்குப் பார்ப்போம். சேவ் +4 உள்ள ஃபைட்டருக்கு ஒவ்வொரு முறையும் தவறும் வாய்ப்பு 40 சதவீதம். ஒரு கடி அவரைக் கீழே தள்ளும் வாய்ப்பு மொத்தத்தில் சுமார் 13 சதவீதம். சேவ் +1 உள்ள மந்திரவாதிக்கு அது 33 சதவீதத்துக்குப் பக்கம். விழுவதற்குள் தோழர்களுக்கு மூன்று ரவுண்ட் கிடைக்கிறது: லெஸ்ஸர் ரெஸ்டரேஷன் மந்திரம், பாலடினின் லே ஆன் ஹேண்ட்ஸ் திறன், ஏதாவது செய்யலாம். பயமும் இருக்கிறது, வழியும் இருக்கிறது. பாய்சன்ட் நிலை தாக்குதலையும் எபிலிட்டி செக்கையும்தான் பாதிக்கும், சேவ்களைத் தொடாது. இதைக் குழப்பிக்கொண்டு சேவ்களுக்கும் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் குறைந்ததை எடுப்பது) போட்டால் மேலே சொன்ன சதவீதமெல்லாம் தலைகீழாகிவிடும்.

லெவல் உறிஞ்சல். வைட் என்ற பிணப்பிசாசு தொட்டால் ஒரு லெவலே போன காலம் உண்டு. ஐந்தாம் பதிப்பில் அதிகபட்ச ஹெச்பி குறையும், நீண்ட ஓய்வெடுத்தால் திரும்பும். உங்கள் ஆட்டத்தில் இதைவிடக் கசப்பு வேண்டுமென்றால், ஓய்வில் திரும்பாது, மந்திரத்தால்தான் திரும்பும் என்று ஒரு வரி கூட்டுங்கள். லெவலைத் தொடாதீர்கள், கேரக்டர் ஷீட்டைத் திருத்தி எழுதுவதிலேயே அரை மணி நேரம் போகும்.

‘+1 ஆயுதம் வேண்டும்’. பழைய பதிப்பில் மந்திர ஆயுதம் இல்லாவிட்டால் கீறல்கூட விழாது. 2014இல் இது பெரும்பாலும் மந்திரமற்ற ஆயுத டேமேஜுக்கு ரெசிஸ்டன்ஸ் (பாதி டேமேஜ்) ஆனது. 2024 திருத்தத்தில் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. அந்தத் திருத்தத்தில் ஆடினால் வரியை நீக்கிவிட்டு ஹெச்பியைக் கூட்டுங்கள்.

மந்திர எதிர்ப்புச் சதவீதம். 50 சதவீதம், அதற்கு மேல் என்றால் மேஜிக் ரெசிஸ்டன்ஸ், அதாவது மந்திர சேவ்களில் அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் கூடியதை எடுப்பது). 10, 20 என்றால் விட்டுவிடுங்கள், மேஜையில் யாரும் உணரப்போவதில்லை.

உடல் தானாகக் குணமாவது. இதை ஹெச்பியின் விகிதத்தில் பெருக்குங்கள். பழைய ட்ரோல் 33இல் ரவுண்டுக்கு 3 திரும்பப் பெறும், புதியது 84இல் 10. அமிலம் அல்லது நெருப்புப் பட்டால் அடுத்த டர்னில் நிற்கும் என்ற விதியும் சேர்ந்தே வந்தது. நிறுத்தும் வழியைச் சொல்லாமல் இந்தத் திறனை எழுதவே எழுதாதீர்கள்.

பொருளை அழிப்பது. பழைய ரஸ்ட் மான்ஸ்டர் தொட்டதும் கவசம் துருவாகும். இப்போது ஒவ்வொரு முறைக்கும் -1 என ஏறி, கடைசியில்தான் அழியும். மெடூசாவின் அதே உத்தி, வேறு இடத்தில்.

10. மூன்றாம், நான்காம் பதிப்பிலிருந்து வந்தால்

மூன்றாம் பதிப்பில் எல்லா ஸ்கோரும் சிஆரும் இருக்கும், அதனால் வேலை எளிது என்று தோன்றும். ஏமாறாதீர்கள். மூன்றாம் பதிப்பின் திருத்தமான 3.5இல் ஓகருக்கு சிஆர் 3, இப்போது 2. உயர்மட்டத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது: 3.5இன் மிக மூத்த சிவப்பு டிராகனுக்கு (கிரேட் வேர்ம்) ஏசி 41, ஐந்தாம் பதிப்பின் முதிர்ந்த சிவப்பு டிராகனுக்கு 22. டச் ஏசி, ஃப்ளாட்-ஃபுட்டட் ஏசி, ஃபீட் பட்டியல் மூன்றையும் வெட்டிவிடலாம். மந்திரப் பட்டியல் நீளமாக இருந்தால் சண்டையில் உண்மையில் பயன்படும் நான்கைந்தை மட்டும் வையுங்கள். கவனத்தால் தாங்கிப் பிடிக்க வேண்டிய (கான்சன்ட்ரேஷன்) மந்திரம் ஒரே நேரத்தில் ஒன்றுதான் என்ற விதி இங்கே உண்டு.

நான்காம் பதிப்பில் மான்ஸ்டர் உங்கள் ஃபோர்டிடியூட், ரிஃப்ளெக்ஸ், வில் ஆகிய தற்காப்பு எண்களைத் தாக்கும். அந்தத் தாக்குதல்களை முறையே கான்ஸ்டிட்யூஷன், டெக்ஸ்டெரிட்டி, விஸ்டம் சேவாகத் திருப்புங்கள். ரீசார்ஜ் டைஸ் (ஒரு திறன் திரும்பக் கிடைக்க உருட்டுவது) அப்படியே வரும். மினியன் எனும் அடியாளின் ஒற்றை ஹெச்பி வராது. குறைந்த சிஆர் மிருகங்களைக் கூட்டமாக விடுங்கள். சோலோ (தனியாகவே முழுக் குழுவோடு மோதுவது) என்று குறித்திருந்தால் லெஜண்டரி ஆக்‌ஷனுக்கு உரியது.

11. சிஆர் கணக்கு

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. சிஆரில் தொடங்கினால் அட்டவணை உங்கள் மிருகத்தைத் தன் அச்சில் வார்த்துவிடும்.

2014 டிஎம் கைடின்படி தற்காப்பு சிஆர், தாக்குதல் சிஆர் இரண்டையும் தனித்தனியே பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். ஹெச்பி 68 என்றால் சிஆர் 1/2. அந்த வரிக்கு அட்டவணை தரும் ஏசியிலிருந்து வித்தியாசம் ஒன்றுதான், மாற்றமில்லை. டேமேஜ் 27 என்றால் சிஆர் 4. தாக்குதல் போனஸ் வித்தியாசமும் ஒன்றுதான். சராசரி 2 சொச்சம். ஆக, சிஆர் 2.

இங்கே நிறுத்தாதீர்கள். ஔல்பேரை இதே கணக்கில் போட்டால் அதற்கும் 2தான் வரும், புத்தகமோ 3 என்கிறது. அச்சில் வந்த மான்ஸ்டர்கள் பலவும் அட்டவணை கேட்பதைவிடக் குறைந்த ஹெச்பியோடுதான் இருக்கின்றன. அட்டவணையும் பக்கத்து மான்ஸ்டரும் முரண்பட்டால் நான் பக்கத்து மான்ஸ்டரை நம்புவேன். அதோடு நம்முடையதில் அந்த விஷம் வேறு. சிஆர் 3. ப்ரொஃபிஷியன்சி +2 அப்படியே இருக்கிறது, எதையும் திருத்த வேண்டாம். சிஆர் 5ஐத் தொட்டிருந்தால் தாக்குதல் போனஸ், டிசி இரண்டையும் திரும்பிப் போய் மாற்ற வேண்டியிருக்கும். இதை மறப்பவர்கள் ஏராளம்.

12. காகிதத்தில் மூன்று ரவுண்ட்

மேஜைக்குப் போகும் முன் தனியாக ஒரு சண்டை நடத்துங்கள். நான்காம் லெவல் ஃபைட்டர், தாக்குதல் +6, ஏசி 14ஐ 65 சதவீதம் தொடுவார். கிரேட்ஸ்வார்டுக்குச் சராசரி 11, ஆக ரவுண்டுக்கு 7. நால்வரும் ஏறக்குறைய இப்படியே என்றால் 28. 68 ஹெச்பி மூன்றாம் ரவுண்டில் தீரும். மறுபக்கம், ஏசி 16ஐ மிருகம் 55 சதவீதம் தொடும், ரவுண்டுக்கு 15. எல்லாம் ஒரே ஆள்மீது விழுந்தால், 36 ஹெச்பி உள்ள ஃபைட்டர் மூன்றாம் ரவுண்டில் சாய்வார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் முடிவை நெருங்குகிறது. வேண்டியது அதுதான்.

ஒரு ரவுண்டில் முடிகிறது என்றால் ஹெச்பியைக் கூட்டுங்கள், ஏசியை அல்ல. ஏசி கூடினால் ஆட்டக்காரர்கள் ‘மிஸ்’ ‘மிஸ்’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்; சண்டை நீளும், சுவை கூடாது.

13. பகிர்வதாக இருந்தால்

5.1 எஸ்ஆர்டி (ஐந்தாம் பதிப்பின் பொது விதி ஆவணம்) ஜனவரி 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. அதிலுள்ள விதிச் சொற்களைப் பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் பீஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர், டிஸ்ப்ளேசர் பீஸ்ட் போன்றவை அதில் இல்லை. பழைய புத்தகத்தின் வர்ணனைப் பத்திகளையும் நகலெடுக்காமல் உங்கள் வார்த்தைகளில் எழுதுங்கள்.

14. முதல் ஆட்டத்தில்

8டி10+24 என்பது 32இலிருந்து 104 வரை எதுவாகவும் இருக்கலாம். இது உங்களுக்கு விதியே தரும் இடைவெளி. முதன்முறை இறக்கும்போது 68 என்று எழுதிக்கொண்டு போங்கள். சண்டை சப்பென்று போனால் 80 வரை தள்ளுங்கள். குழு ஏற்கெனவே நொந்திருந்தால் 55இல் சாகட்டும். ஏசியையும் டிசியையும் மட்டும் நடுவில் தொடாதீர்கள். இரண்டாம் ரவுண்டுக்குள் யாராவது ஒருவர் ‘13 பட்டதா, படவில்லையா’ என்று கணக்கு வைத்திருப்பார்.